அலைடு கெமிஸ்ட்ரி பிராக்டிகல்: முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

ஒருவழியாக அலைடு கெமிஸ்ட்ரி (வேறு மேஜர் படிப்பவர்களுக்கான துணைப்பாடம்) முடிந்தது. தியரி பரவாயில்லை, பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்தாலே தேறிவிடலாம். என்னை அழவைத்தது பிராக்டிகல்தான். அதிலும், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தண்ணீரில் அவை எவ்வளவு என்று, அதாவது கடினத்தன்மையை, காணும் டைட்ரேஷன்.

கல்லூரி காட்பாடிப் பக்கம். கொடுக்கிற கரைசலை 100 மில்லி குடுவையில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு நிரப்பி, பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து டைட்ரேட் செய்வோம். என் ரீடிங்குகள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தும். விடை மட்டும் எப்போதும் கூடுதலாக வரும். "கை சரியில்லம்மா, திரும்பப் போடு" என்பார் மேடம். ஆனால் என் மேசையில் எல்லோருக்கும் கூடுதல்தான். எல்லோருடைய கையுமா ஒரே பக்கமாகத் தவறும்?

அடுத்த லேப் வகுப்பில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில், பி.எச்.-ஐ 10-இல் நிறுத்தும் அம்மோனியா பஃபரும், நிறம் மாறிக் காட்டும் இண்டிகேட்டரான எரியோகுரோம் பிளாக் டி-யும் போட்டேன். நீலமாக நிற்க வேண்டியது ஒயின் சிவப்பாகிவிட்டது! கால்சியம், மக்னீசியம் போன்ற உலோகங்கள் கரைந்திருந்தால்தான் இப்படி ஆகும். லேப் அண்ணனை விடாமல் கேட்டதில், டிஸ்டிலேஷன் செட் ரிப்பேர், கேனில் இருப்பது போர் தண்ணீர் என்றார். பாத்திரமெல்லாம் வெள்ளை படியும் ஊரில் போர் தண்ணீர்! லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 20 மில்லி போதும், 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ.வில் 6 மில்லியைத் தின்றுவிடும். இத்தனை நாள் திட்டு வாங்கியது இதற்காகத்தான். மேடத்திடம் காட்டினேன், கேன் மாறியது.

இண்டிகேட்டர் கரைசல் பழசானால் கெட்டுவிடும், புதிதாகக் கலந்ததைக் கேளுங்கள். பஃபரில் அம்மோனியா நெடி இல்லையென்றால் அதையும் நம்பாதீர்கள். ஊதா வந்ததும் நிறுத்தாதீர்கள், சிவப்புச் சாயல் துளியும் இல்லாத நீலம் வரவேண்டும். கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

ரெக்கார்டு நோட்டு இன்னொரு கொடுமை. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தும் போனஃபைடு பக்கத்தில் (ரெக்கார்டு நம்முடையதுதான் என்று சான்று தரும் பக்கம்) துறை சீல் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். சீல் பீரோவுக்குள், சாவி வைத்திருப்பவர் லீவு. குடியாத்தத்திலிருந்து வந்தது வீண். பிராக்டிகலுக்கு ஒரு வாரம் முன்பே அந்தப் பக்கத்தை முடித்துவிடுங்கள்.

தேர்வன்று வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரைச் சோதித்தேன். நீலம். அப்பாடா! எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) அதைப் பார்த்துவிட்டு வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, அங்கேயே தொடங்கினார்: "பி.எச். 10 எதுக்கும்மா?" குறைந்தால் ஈ.டி.டி.ஏ. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இறுகப் பிடிக்காது, நிறமாற்றமும் தெளிவாக இருக்காது, ரொம்பக் கூடினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும் என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.