கடனாளியின் வீட்டுக்குள் போகாத கதைகள்

இந்த மழைக்காலத்தில் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர்களைப் பற்றிய நாவல்களும் சிறுகதைகளும்தான். பர்மாவின் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், பிறந்து வளர்ந்த ஒருவர் அக்கதைகளைப் படிக்கும்போது மதுரையிலோ சென்னையிலோ இருந்து படிப்பவருக்குத் தோன்றாத சில கேள்விகள் எழுகின்றன. அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் ப. சிங்காரம். இளம் வயதிலேயே சுமத்ராவின் மேடான் நகருக்குப் போய் வட்டிக்கடையில் வேலை பார்த்த அவர், ஊர் திரும்பியபின் மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் பணியாற்றினார். எழுதி வெளியிட்ட நாவல்கள் இரண்டே. 1959-இல் வந்த ‘கடலுக்கு அப்பால்’ ஒன்று. 1972-இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’ மற்றொன்று. பின்னதைத் தமிழின் மிகச் சிறந்த நாவல்களுள் ஒன்று என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. தொங்கான் என்னும் பாய்மரக் கப்பல் புயலில் சிக்கும் பகுதியில் வாக்கியங்கள் உடைந்து, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி, படிப்பவரையே அலைக்கழிக்கின்றன. ஆனால் அந்தப் பகுதியைப் புகழ்ந்தவர்கள் பலர். என்னைக் கட்டிப்போட்டது அதுவன்று. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அமைந்த வட்டிக்கடை வாழ்க்கையை, அதன் கணக்கு வழக்குகளோடும் சிக்கனத்தோடும் அடக்க ஒடுக்கத்தோடும் அவர் காட்டியிருக்கும் விதம்தான். எங்கள் நகரின் ஷ்வே போந்தா தெரு, மொகல் தெரு என்ற பழைய பெயரோடு இருந்த காலத்தில், செட்டியார்களின் வட்டிக்கடைகள் நிறைந்த இடம். அந்தத் தெருவில் நடக்கும் எனக்கு, அக்கட்டடங்களின் உள்ளே ஒரு பையன் எப்படி உட்கார்ந்திருப்பான், யாருக்குப் பயந்திருப்பான், எதை எண்ணி ஏங்கியிருப்பான் என்பதையெல்லாம் மேடானையும் பினாங்கையும் பற்றி எழுதிய ஒருவரே சொல்லித் தந்தார்.

இவ்வளவு நெருக்கமாக வட்டிக்கடையைக் காட்டும் சிங்காரம், அங்கே கடன் வாங்கியவரின் வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போவதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில், 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது; 1938-இல் அது 25 விழுக்காட்டை எட்டியது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனை அடைக்க வழியில்லாமல் விவசாயிகள் நிலத்தை இழந்ததுதான் காரணம். அந்த நிலத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளோடுதான் நாங்கள் ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே தெருவில் கடை வைத்திருக்கிறோம். சிங்காரம் பர்மாவைப் பற்றி எழுதவில்லை என்பதை மறக்கவில்லை. ஆனாலும் கொடுத்தவரின் கவலையை மட்டும் அறிந்த ஓர் இலக்கியம், கடலுக்கு அப்பால் நடந்ததில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

‘கடலுக்கு அப்பால்’ அளவில் சிறியது. கட்டுக்கோப்பில் பெரிய நாவலைவிடச் சிறந்தது என்பது என் கருத்து. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்துவிட்டுத் திரும்பும் செல்லையாவுக்கு, அவன் வேலை பார்த்த கடை முதலாளி தம் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அவர் எண்ணம். அவரைக் கொடியவராக ஆக்காமல், தொழிலையே தர்மமாகக் கொண்டு வாழ்ந்து, மகனையும் பறிகொடுத்த மனிதராகக் காட்டியிருப்பதில் ஆசிரியரின் நேர்மை தெரிகிறது. மரகதத்துக்குத்தான் போதிய இடம் இல்லை. அவள் அழுகிறாள், காத்திருக்கிறாள், பணிகிறாள். அவள் என்ன நினைத்தாள் என்பதை அறிய நமக்குச் சில பக்கங்களாவது கிடைத்திருக்க வேண்டும்.

அந்த ஏக்கத்தோடு புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யை மீண்டும் எடுத்தேன். மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழியும் இந்த நீண்ட கதையில், புலம்பெயர்தல் என்பது சாகசமாகவோ சம்பாத்தியமாகவோ இல்லை. ஊரிலிருந்த அடிமைத்தனம் வேறிடத்தில் தொடர்வதாகவே இருக்கிறது. இங்கே ரங்கூன் துறைமுகத்துக்கும் அரிசி ஆலைகளுக்கும் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வந்த காலத்தை அறிந்தவர்களுக்கு மருதி அந்நியள் அல்லள். கதையின் பிற்பகுதி சற்று அவசரமாக ஓடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களைப் பற்றி, இவ்வளவு கோபத்தோடு, அவ்வளவு முன்னதாகவே ஒருவர் எழுதிவிட்டார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கடைசியாக ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964-இல் வெளிவந்த இந்த நாவலில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. குமரி மாவட்டத்துப் பனைவிளையில், பெரியவளானதும் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்படும் லிஸியின் கதை இது. அவளுக்கும் பனையேறும் தங்கராஜுக்கும் இடையிலுள்ள அன்பை ஆசிரியர் உரத்த குரலில் எங்கும் சொல்வதில்லை. ஒரு பார்வை, ஒரு தயக்கம், அதற்குமேல் போவதில்லை. சிங்காரத்திடம் நான் தேடிக் கிடைக்காத பெண்மனம் இங்கே முழுமையாக இருக்கிறது. இதே ஆசிரியர் பர்மாவையும் போரையும் களமாக வைத்து ‘மா-னீ’ என்ற நாவலையும் எழுதியிருக்கிறார். லிஸியை எழுதிய கை எங்கள் மண்ணை எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்த நாவலைப் பற்றித் தனியே விரிவாக எழுதுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இத்தனையையும் படித்தபின் ஒன்றைத் துணிந்து கேட்கலாம் என்று தோன்றுகிறது. நம் கதைகளில் கடல் கடந்தவர்கள் ஒன்று அங்கேயே மடிகிறார்கள், அல்லது மனம் நொந்து திரும்புகிறார்கள். 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஆண்டுகளில் கடைகளும் பள்ளிகளும் அரசுடைமையான பிறகு, கப்பலேறித் தமிழகம் சென்ற குடும்பங்களைப் பற்றியாவது அவ்வப்போது பேச்சு எழுகிறது. கப்பலேறாமல் தங்கியவர்களும் இருந்தார்கள். பகோவிலும் மோல்மேனிலும் டெல்டா ஊர்களிலும் பர்மியப் பெயர் ஒன்றும் தமிழ்ப் பெயர் ஒன்றுமாக வாழ்ந்து, வயலை உழுது, மாரியம்மனுக்குத் தீ மிதித்து, பிள்ளைகளுக்குக் கோயில் திண்ணையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களின் நாவலைத்தான் நான் அடுத்துப் படிக்க விரும்புகிறேன். அதில் கடன் கொடுத்தவரின் பேரனும் நிலத்தை இழந்தவரின் பேத்தியும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். இங்கே அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அதை எழுத வேண்டியவர்கள் யாங்கோனிலும் மோல்மேனிலும் இருக்கும் நாங்கள்தான், சென்னையில் இருப்பவர்கள் அல்லர்.