பால் கணக்குச் செயலி: ஆகஸ்ட் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2025

பால் கணக்கு எழுத நான் செய்துகொடுத்த ஆண்ட்ராய்டு செயலியில் சிக்கல். காலை ஆறு மணிக்கே, அதை வைத்துப் பால் எடுக்கும் அக்காவிடமிருந்து போன். "தம்பி, கோமதின்னு தேடுனா ஆளே இல்லைங்குதுங்க. பட்டியல்ல கீழ தள்ளிப் பாத்தா கண்ணு முன்னாடி இருக்குதுங்க." ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் என் போனில் அதே பெயரைத் தேடினால் உடனே வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 5

பிடித்துவிட்டேன். பட்டியலில் இருக்கும் கோமதி, தேடும்போது தட்டும் கோமதி, இரண்டின் நீளத்தையும் லாக்கேட்டில் (செயலி ஓடும்போது எழுதும் பதிவேடு) அச்சிட்டுப் பார்த்தேன். ஒன்று 5, இன்னொன்று 6. ஒவ்வொரு குறியையும் பதினாறடிமான எண்ணாகப் பிரித்ததும் காரணம் தெரிந்தது. ஒன்றில் 'ோ' என்பது 0BCB என்ற ஒரே குறி. மற்றதில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனி: 0BC7, 0BBE. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பெயர்களை வைத்திருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு வேறு வேறு. பழைய கணினிப் பட்டியலிலிருந்து ஏற்றிய பெயர்கள்தான் பிரிந்து கிடக்கின்றன.

மருந்து ஜாவாவிலேயே இருக்கிறது. அதன் நார்மலைசர் கருவியிடம் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவம் கேட்டால் பிரிந்ததைச் சேர்த்துத் தரும். சேமிக்கும்போது ஒருமுறை, தேடும்போது ஒருமுறை. ஐபோனுக்கு எழுதும் நண்பர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள்: ஸ்விஃப்ட் மொழி இந்த இரண்டு கோமதியையும் சமம் என்றே எடுத்துக்கொள்ளும், நீளம் கேட்டால் நம்மைப் போலவே கோ, ம, தி என்று 3 எண்ணும். நான் செயலி எழுதும் கோட்லின் மொழியில் (ஜாவாவின் கருவிகள் இதிலும் ஓடும்) நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 7

லிட்டர், கொழுப்பு எல்லாம் போட்டு முடிப்பதற்குள் அக்காவுக்குப் போன் வந்துவிடுகிறது. பேசிவிட்டுத் திரும்பினால் படிவம் காலி. அவருடையது 2 ஜிபி ரேம் போன். நினைவகம் போதாதபோது பின்னணியில் இருக்கும் செயலியை ஆண்ட்ராய்டு கொன்றுவிடுகிறது. நான் போனைத் திருப்பித் திருப்பிச் சோதித்து, எழுதியது நிற்கிறது என்று நம்பியிருந்தேன். திருப்பினால் வியூமாடல் (திரையின் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பகுதி) பிழைக்கும்; செயலியின் பிராசஸே, அதாவது ஓட்டமே, செத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

சோதிக்கும் வழி: ஹோம் பொத்தானை அழுத்திவிட்டு, போனை இணைத்த கணினியில் 'ஏடிபி ஷெல் ஏஎம் கில்' (adb shell am kill) என்று தட்டி, பின்னால் செயலியின் பேக்கேஜ் பெயரைப் போடுங்கள். பிறகு சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து திறந்து பாருங்கள். எழுதியது இல்லையென்றால் பயனாளரின் போனிலும் இருக்காது. எழுத எழுத வரைவை ரூம் (எஸ்க்யூலைட்டின் மேல் இயங்கும் நூலகம்) வழியாகத் தரவுத்தளத்தில் வைக்கும்படி மாற்றிவிட்டேன். ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவருடைய பால் அளவை மறுபடி கேட்பது அக்காவுக்கு எவ்வளவு சங்கடம்!

ஆகஸ்ட் 9

ஆண்ட்ராய்டு 15-க்கான ஏபிஐ நிலை 35-ஐ (செயலி எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்று சொல்லும் எண்) இம்மாதம் 31-க்குள் தொட வேண்டும் என்பது பிளே ஸ்டோர் விதி. தொட்டதும் ஆண்ட்ராய்டு 15 போனில் 'சேமி' பொத்தான் வழிசெலுத்தும் பட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பட்டைக்கு இடம் விடும் இன்செட் இடைவெளி கொடுத்ததும் மேலே வந்தது. அப்புறம் எழுத்தளவை 1.3 ஆக்கிப் பார்த்தேன். 'கொழுப்பு' என்பதில் ழு-வின் அடிப்பகுதி வெட்டுப்பட்டது. தமிழ் எழுதும் பொத்தானுக்கு நிலையான உயரம் வைக்கவே கூடாது, குறைந்தபட்ச உயரம் மட்டும் போதும்.

ஆகஸ்ட் 12

அடுத்தது சௌந்தரம். பலர் இதை 'செ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டி எழுதுகிறார்கள். என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் 'ள' நிஜமான எழுத்து. கொம்பும் ள-வும் சேர்ந்தால் ஔகாரமாக மாற்று என்று விதி எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் வெள்ளியங்கிரி சிதைந்து நிற்கிறார்! நல்லவேளை, என் போனிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது பெயரைத் தொடுவதில்லை. பக்கத்தில் 'தேடல் பெயர்' என்று தனி நெடுவரிசை வைத்து, மாற்றத்தை அதில் மட்டும் செய்கிறேன். தேடும் சொல்லுக்கும் அதே மாற்றம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறுவதால் வெள்ளியங்கிரியும் கிடைக்கிறார், சௌந்தரமும் கிடைக்கிறார். திரையில் அவரவர் எழுதியது எழுதியபடி.

ஆகஸ்ட் 17

நேரில் போய் வந்தேன். தேடிக் கிடைக்காததால் அக்கா சிலரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார். அவர்கள் பால் இரண்டு கணக்கில் பிரிந்து கிடந்தது. செயலியே சேர்த்துவிடும்படி எழுதலாம். ஆனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கமாட்டார்களா? அதனால் ஒவ்வொரு ஜோடியையும் திரையில் காட்டிக் கேட்கும்படி வைத்தேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "இது ரெண்டும் ஒரே ஆளுங்க தம்பி, சேத்திருங்க." அடுத்தது. "இது வேண்டாங்க. இவங்க மேக்கால வீட்டுக் கோமதி, வேற ஆளு."