வீட்டுப் போட்டோக்களை அடுக்க, தேதியில் தொடங்குங்கள்

வீட்டுப் போட்டோக்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றதும் முதலில் வரும் கேள்வி, எத்தனை டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்பதுதான். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: ஒவ்வொரு படத்திலும் எடுத்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அது சரியாக இருந்தால் இருபதாயிரம் படமும் தானாக வரிசையில் நிற்கும். இல்லாவிட்டால் ஐந்நூறு படத்தை அடுக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

மொபைலிலோ கேமராவிலோ எடுத்த நாளும் நேரமும் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற பகுதியில் பதிவாகும். விண்டோஸில் அது 'டேட் டேக்கன்' என்ற பத்தியில் தெரியும். பக்கத்தில் இருக்கும் 'டேட் கிரியேட்டட்' வேறு. அது கோப்பு அந்த டிஸ்க்குக்கு வந்து சேர்ந்த நேரம். பென்டிரைவிலிருந்து நகல் எடுத்தாலே இன்றைய தேதி ஆகிவிடும். அதை நம்பி அடுக்காதீர்கள்.

நம் வீடுகளில் தேதியை அழிப்பதில் முதலிடம் வாட்ஸ்அப்புக்குத்தான். சாதாரணமாக அனுப்பும்போது எக்ஸிஃப் தகவலை நீக்கிவிடுகிறது, படத்தையும் சுருக்கிவிடுகிறது. கல்யாணப் படங்களைக் குடும்ப குரூப்பில் கேட்கும்போது 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று சொல்லிவிட்டால் மூலக்கோப்பு அப்படியே வரும். ஏற்கெனவே வந்து குவிந்ததற்குக் கோப்புப் பெயர்தான் துணை. அதில் 20230415 என்று எட்டு இலக்கம் இருக்கும். அது படம் அனுப்பப்பட்ட அல்லது வந்த நாள். எடுத்த நாள் அல்ல. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல்.

எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலால் பெயரில் உள்ள தேதியைக் கோப்புக்குள் எழுதலாம். ஒரு பொறி உண்டு: பெயரின் கடைசியில் வரும் 0007 போன்ற வரிசை எண்ணையும் அது நேரமாக எடுத்துக்கொண்டு, நள்ளிரவு 12:07 என்று எழுதிவிடும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, நேரம் பகல் 12 என்று நீங்களே கொடுங்கள். எக்ஸிஃப்டூலுக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது பழக்கமில்லாதவர்களுக்கு டிஜிகாம் என்ற இலவசப் போட்டோ நிரல் போதும். மவுஸால் தேர்ந்தெடுத்து மொத்தமாகத் தேதி மாற்றலாம். கேமரா கடிகாரமே தப்பாக இருந்திருந்தால், ஒரே நிகழ்வை மொபைலும் கேமராவும் எடுத்த இரண்டு படங்களைப் பிடியுங்கள். தாலி கட்டும் கணம் இதற்குத் தோது. இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கேமராப் படங்கள் அத்தனையையும் அந்த அளவு நகர்த்துங்கள்.

கூகுள் போட்டோஸ் செயலிக்குள் தேதியைத் திருத்தினால் கோப்புக்குள் அது மாறாது. கூகுளில் உள்ள நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் வழியாக இறக்கும்போது, திருத்தம் தனியாக ஜேசன் என்ற எழுத்துக் கோப்பில் வரும். ஆகவே திருத்திவிட்டு ஏற்றுங்கள், ஏற்றிவிட்டுத் திருத்தாதீர்கள்.

ஃபோல்டர் அமைப்பில் மூளையைக் கசக்க ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒன்று, அதற்குள் '2024-05-19 காதுகுத்து' என்பது போல. ஆண்டு முன்னால் வரவேண்டும். 19-05-2024 என்று எழுதினால் எல்லா மாதத்துப் பத்தொன்பதாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். கேமரா தரும் கோப்பு எண்கள் 9999-க்குப் பிறகு மறுபடி 0001-இல் தொடங்கும் என்பதால், இரண்டு கார்டுகளைக் கலக்கும்போது 'ரீப்ளேஸ்' கேட்டால் அழுத்திவிடாதீர்கள். பெயர் ஒன்று, படம் வேறு.

இனி பேக்கப். மொபைலில் கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ள நகலும் அழிகிறது. குப்பைத்தொட்டியில் 60 நாள், அதோடு சரி. இது ஒத்திசைவு, பேக்கப் அல்ல. 2021 ஜூன் 1-இலிருந்து வரம்பில்லா இலவச இடமும் கிடையாது. ஜிமெயிலும் டிரைவும் சேர்த்தே 15 ஜிபி.

வீட்டுக்குச் சரிப்படுவது: கணினியில் ஒன்று, இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள். ஒரு டிஸ்க் வீட்டில், இன்னொன்று அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ. சித்திரை ஒன்றுக்கும் தீபாவளிக்கும் இரண்டு டிஸ்க்கையும் இடம் மாற்றிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மாத இடைவெளி. (பொங்கலும் தீபாவளியும் என்றால் இடைவெளி ஒருபக்கம் மூன்று மாதம்கூட வராது, மறுபக்கம் ஒன்பது ஆகிவிடும்.) 2.5 அங்குல டிஸ்க்கே நல்லது. மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் நகல் ஓடும்போது கரண்ட் போனாலும் பாதியில் நிற்காது, 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்டர், அது உடனே அணைந்துவிடும். விண்டோஸ் மட்டும் உள்ள வீடென்றால் என்டிஎஃப்எஸ் ஃபார்மட் போடுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மட்டில் ஜர்னல், அதாவது நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு, இல்லாததால் சட்டென்று பிடுங்கினால் சேதம் அதிகம்.

நகலெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற நிரல். அதில், டிஸ்க்கைக் கணினியின் அச்சு அசலாக ஆக்கும் 'மிரர்' முறைதான் ஆபத்து. கணினியில் குழந்தை தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்திருந்தால், மிரர் அதையே டிஸ்க்கிலும் விசுவாசமாகச் செய்யும். 'அப்டேட்' முறையில் புதியதும் மாறியதும் மட்டும் போகும், அழிப்பு போகாது. மிரர்தான் வேண்டுமென்றால் 'வெர்ஷனிங்' போட்டுவிடுங்கள். அழிந்தவையும் மேலெழுதப்பட்டவையும் தனி ஃபோல்டருக்கு ஒதுங்கும். 'ஸ்டார்ட்' அழுத்துமுன் அது காட்டும் அழிப்பு எண்ணிக்கையைப் பாருங்கள். நீங்கள் பத்துப் படம் அழித்த மாதத்தில் அங்கே 1,400 என்று இருந்தால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே கிடந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் பூட்டும். டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் வந்தால், டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள், உடனே அணையுங்கள்.

சுவருக்கு வருவோம். பிரிண்டுக்குக் கணக்கு எளிது: பிக்சலை 200-ஆல் வகுத்தால் அங்குலம். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் வந்த 1600 பிக்சல் படம் 8 அங்குலம்வரை தாங்கும். 12-க்கு 18 ஃப்ரேமுக்கு 3600-க்கு 2400 வேண்டும். மொபைல் படம் பெரும்பாலும் 4:3. அதை 6-க்கு 4 பிரிண்ட் போட்டால் உயரத்தில் அரை அங்குலம் வெட்டுப்படும். குரூப் போட்டோவில் பின்வரிசைக்காரர்களின் தலை போவது இப்படித்தான். 8-க்கு 6, 16-க்கு 12 கேளுங்கள், வெட்டே வராது.

டிவியில் ஓட்ட, 1920 பிக்சலுக்குச் சுருக்கிய ஜேபெக் நகல்களைத் தனி பென்டிரைவில் போடுங்கள். ஐபோனின் ஹெய்க் கோப்புகளைப் பல டிவிகள் திறப்பதில்லை. பழைய டேப்லெட்டை ஃப்ரேமாக்கினால் நாள் முழுக்கச் சார்ஜரில் விடாதீர்கள், பேட்டரி உப்பிவிடும். டைமர் சாக்கெட்டில் இரண்டு மணி நேரம் போதும். கண்ணாடி ஃப்ரேமில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடும் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்கால ஈரத்தில் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும்.