ஒரே பக்கத்தில் இரண்டு தொகை

2020 ஊரடங்கு சமயம் எங்கள் ஆலயம் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனில் ஆராதனை கேட்டுவிட்டு, வேறு வேலை இல்லாமல் அலமாரியிலிருந்த பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துத் தூசி தட்டினேன். எங்கள் வீட்டில் ரப்பர் கணக்கு எழுதுவது என் மனைவி. நீல அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, ரப்பர் ஷீட் எண்ணம், ஒட்டி உறைந்துபோன ஒட்டுப்பால் கிலோ, கடையில் கிடைத்த விலை, மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவருக்குக் கொடுக்கும் வெட்டுக்கூலி, கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம். கிழிந்துபோன ஒரு பக்கத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"நம்ம காணிக்கையும் அந்த வெட்டுக்கார அண்ணனுக்க கூலியும் ஒரே பக்கத்துல கெடக்கு, பாத்தியளா?"

2011 செப்டம்பர் மாதப் பக்கம் அது. வெட்டுக்கூலிக் கட்டத்தில் மேலிருந்து கீழே 280, 280, 280. மழை பெய்த நாட்களில் வெறும் கோடு. 'மற்றவை' கட்டத்தில் ஒரே ஒரு வரி: ஆலயக் கோபுரக் காணிக்கை 1,00,000.

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைக்குப் பக்கம். பனச்சமூடு சந்தைக்கு நடந்தே போய்விடலாம். சந்தைக்குள் நுழைந்தால் கேரளம். மனைவி வெள்ளறடைப் பக்கத்துக்காரி, அவளுக்கு வேதம் மலையாளத்தில்தான் வரும். என் அப்பா ரப்பர் வெட்டுக்காரர். விடிய மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனால், வெட்டி முடித்து, சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து, உறைய ஊற்றி, ரோலரில் போட்டு, வீடு வரப் பதினொரு மணி ஆகும். அவர் வெட்டிய தோட்டத்தின் முதலாளியும் எங்கள் சபைதான். ஆலயத்து மணி அவர் வாங்கிக் கொடுத்தது. 1978 கிறிஸ்துமஸுக்கு முன்பு ஆறு வாரக் கூலியை, விலை இறங்கிவிட்டது என்று சொல்லி அவர் நிறுத்தி வைத்தார். எனக்குப் பத்து வயது. அந்த வருஷம் துணி எடுக்கவில்லை என்பதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அம்மை அரிசி அளந்து போடும்போது, எப்போதும்போல ஒரு பிடி எடுத்துப் பிடியரிசி டின்னில் போட்டாளே, அதுதான் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அரிசிப் பானையின் அடி தெரிந்த நாளிலும் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்த டின் ஆலயத்துக்குப் போகும். முதலாளி வாங்கிக் கொடுத்த மணி அடிக்கும். அந்தக் கூலி கடைசிவரை வரவில்லை.

நான் 14 வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, 2007-ல் நாலு ஏக்கர் ரப்பர் வாங்கினேன். 800 மரம். இரண்டு பங்காகப் பிரித்து இன்று 400, நாளை 400 என்று வெட்டு. வெட்டுக்கார அண்ணனுக்கு என்னைவிட ஏழு வயது மூப்பு. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனவர். வாங்கிய அன்றிலிருந்து என்னை 'மொதலாளி' என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. அது கேட்க நன்றாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ரப்பர் வைத்திருந்தவர்களுக்கு அந்த வருஷங்கள் நினைவிருக்கும். 2009-ல் கிலோ நூறு, நூற்றுப்பத்து என்று கிடந்த விலை 2011-ல் இருநூறைத் தாண்டியது. ஊரெல்லாம் வீடு எழும்பியது, மார்த்தாண்டத்தில் புது வண்டிகள் ஓடின. ஆலயங்களுக்குக் கோபுரம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பதினோரு கிலோ ஷீட் வரும். அதாவது ஒரு நாளில் இரண்டாயிரத்துக்கு மேல். வெட்டுக்கூலி மரத்துக்கு 70 காசு. விலை நூறாக இருந்தபோதும் 70 காசு, இருநூறு ஆனபோதும் 70 காசு. பக்கத்துத் தோட்டங்களில் அப்போதே 1 ரூபாய் 20 காசு கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. வித்தியாசம் 50 காசு. நானூறு மரத்துக்கு 200 ரூபாய். வருஷத்தில் 220 நாள் வெட்டு. இரண்டு வருஷத்துக்கு 88,000.

கோபுரத்துக்கு நான் கொடுத்த ஒரு லட்சத்தில் எண்பத்தெட்டாயிரம் அவருடையது. சலவைக்கல்லில் பெயர் என்னுடையது.

பணக்காரனாக இருந்துகொண்டு கிறிஸ்தவனாகவும் இருக்க முடியுமா என்ற கேள்வியை வாலிபர் கூட்டங்களில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். பேச்சு எப்போதும் 'எவ்வளவு கொடுக்க வேண்டும்' என்பதில் போய் முடியும். பத்தில் ஒரு பங்கான தசமபாகம் மொத்த வருமானத்திலா, செலவு போக மிச்சத்திலா என்று வாதம் நடக்கும். அந்தப் பணம் யாருடைய கையைத் தாண்டி நம்மிடம் வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஞாயிறு பள்ளியில் 9 வருஷம் பாடம் எடுத்த நானும் கேட்டதில்லை.

மாற்கு சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில் ஓடி வந்து முழங்கால்படியிட்ட ஐசுவரியவானிடம் இயேசு கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். விபசாரம் செய்யாதே, கொலை செய்யாதே, களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே. அதற்குப் பிறகு ஒரு சொல் வருகிறது: 'வஞ்சனைசெய்யாதிருப்பாயாக.' பத்துக் கட்டளையில் அப்படி ஒன்று கிடையாது. இதே சம்பவத்தை எழுதிய மத்தேயுவிலும் லூக்காவிலும் அந்தச் சொல் இல்லை. மாற்குவில் மட்டும் நிற்கிறது. எனக்குக் கிரேக்கம் தெரியாது. விளக்கவுரைகளில் பார்த்தால், உரியவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் பிடித்துவைப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்று இருக்கிறது. பழைய ஏற்பாட்டிலுள்ள மல்கியா புத்தகத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், கூலிக்காரனின் கூலியைப் பறிப்பதைச் சொல்ல அதே சொல்தான் வருகிறதாம். ஒரு பணக்காரன் எதிரே நின்றபோது இயேசு கட்டளைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது இது. அதைக் கவனித்த பிறகு அந்த அதிகாரத்தை எனக்குப் பழையபடி வாசிக்க முடியவில்லை.

மல்கியா என்றதும் எல்லாருக்கும் 3:10 ஞாபகம் வரும். தசமபாகத்தைப் பண்டசாலையில் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகள் திறக்கும். கன்வென்ஷன் மேடைகளில் இந்த வசனம் கேட்காத வருஷம் இல்லை. அதே பக்கத்தில் ஐந்து வசனம் மேலே போனால் 3:5. கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாக நானே சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். மேலே உள்ளதை விட்டுவிட்டுக் கீழே உள்ளதை மட்டும் வாசித்துக் காணிக்கைப் பையை நீட்டுகிறோம். இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அந்தப் பையை வரிசை வரிசையாகக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் நாம் 'ஐசுவரியவான்' என்று வாசிக்கிறோம். ஐசுவரியம் நமக்கு மங்கலமான வார்த்தை. அதைக் கேட்டால் கண்டிப்பு மனதில் தைப்பதில்லை, பாதி ஆசீர்வாதமாகவே காதில் விழுகிறது. என் மனைவியின் வேதத்தில் அந்த இடத்தில் 'தனவான்' என்று இருக்கிறது. தனம் வைத்திருப்பவன், வேறொன்றுமில்லை. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று அதே அதிகாரத்தில் வருகிறதே, அந்த ஊசியின் காதுக்கு 'சூசிக்குழ' என்பாள். எருசலேமில் ஊசிக்காது என்று ஒரு சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு நுழையும் என்று பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்கு எந்தச் சான்றும் கிடையாது. அவளிடம் அந்தக் கதையைச் சொன்னபோது, கையில் ஊசியோடு என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "சூசின்னா சூசி" என்றாள்.

சரி, அப்படியென்றால் பணக்காரனுக்கு வழியே இல்லையா? ஆபிரகாம் இருந்தார், அரிமத்தியா யோசேப்பு இருந்தார், இரத்தாம்பரம் விற்ற லீதியாள் இருந்தாள். 1 தீமோத்தேயு 6-ல் பவுல் பணக்காரர்களை ஏழையாகிவிடச் சொல்லவில்லை; இறுமாப்பு கூடாது, நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது, தாராளமாய்க் கொடுக்க வேண்டும் என்கிறார். கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து என்ற சபைப் போதகர், உனக்கு உண்டானதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொல்லும் இந்த மாற்கு பகுதிக்கு விளக்கம் எழுதி, இருதயத்திலுள்ள பற்றை விடுவதே காரியம் என்று பணக்காரர்களுக்கு ஆறுதல் சொன்னார். மதிப்புக்குரிய விளக்கம்தான். ஆனால் எனக்கு அது போதவில்லை. எனக்குப் பணத்தின்மேல் பற்று இல்லை என்றே நான் 2011-லும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு லட்சத்தைக் கை நடுங்காமல் எடுத்துக் கொடுத்தேனே!

நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பசிலியு என்ற ஆயர், பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைப் பூட்டிவைத்தவர்களிடம், நீ வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன் பெட்டியில் இருக்கும் வஸ்திரம் நிர்வாணியுடையது என்று பிரசங்கித்தார். அவர் பேச்சில் தர்மம் என்ற எண்ணமே வரவில்லை. உரியவனிடம் திரும்பிப் போக வேண்டியது என்கிறார். இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு செய்ததும் அதுதான். ஏழைகளுக்குப் பாதி என்பது ஒன்று. அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை திருப்பிக் கொடுப்பது வேறொன்று. இரண்டையும் அவன் தனித்தனியாகச் சொன்னான். நாம் முதலாவதைப் பாட்டாகப் பாடுகிறோம், இரண்டாவதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அதனால் என் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். பெருஞ்செல்வம் ஒரு கிறிஸ்தவனிடம் வந்து சேரலாம். அது அவனிடம் அப்படியே தங்கியிருந்து, வளர்ந்து, பிள்ளைகளுக்கு முழுதாய்ப் போய்ச் சேருமானால், எங்கேயோ கணக்கு தவறியிருக்கிறது. விசுவாசியின் கையில் அது வருஷாவருஷம் குறைய வேண்டும். முதலில் கூலியாக, கடன் தீர்ப்பாக. அதற்குப் பிறகுதான் காணிக்கையாக.

நம்முடைய சபைகளின் தொடக்கத்தைப் பார்த்தாலே போதும். 1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே தன் சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்கே செலவழித்தார். பத்து வருஷம் கழித்து உடம்பு கெட்டு ஊரைவிட்டுப் போனபோது அவருக்கு உடுத்த ஒரு நல்ல மேல்சட்டைகூட இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த மிஷன் பெண்கள் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே, அடிமைகளாய் இருந்த பெண்பிள்ளைகள் சிலர் அந்த லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். பணத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வரும். உழைத்த கையிலேயே கூலி போய்ச் சேர்ந்தது, அது விடுதலையாயிற்று.

ஜூன் மாதம் வங்கியிலிருந்து 88,000 எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாலத்தனை கொடுக்க என்னிடம் அப்போது இல்லை. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. மழை ஓய்ந்த நேரம். அவர் வராந்தாவில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்கப் பால் காய்ந்து கறுத்த திட்டுகள். கவரை நீட்டினேன்.

"கொரோனா சகாயமா மொதலாளி? உதவிக் கிட்டு நேத்தே சபையில இருந்து கெடச்சுது."

"சகாயம் இல்லண்ணே. 2010, 2011 ரெண்டு வருசத்துக்கு உள்ள கூலி பாக்கி."

கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப கணக்கு காட்டணும்லா?"

நோட்டை எடுத்துவரத் திரும்ப வீட்டுக்குப் போனேன். அவர் மடியில் வைத்து, ஈரமான விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். அவர் மனைவி, எனக்கு மைனி, உள்ளே இருந்து கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மணி நேரம் இருக்கும். நான் படியில் உட்கார்ந்திருந்தேன், அவர் ஒன்றும் பேசவில்லை. 2011 நவம்பரில் ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்த நாலு நாளு நான் வெட்டல்ல. எனக்க பெங்களுக்க மவ கல்யாணம். இவளுக்க தங்கச்சி மவன்தான் வெட்டினான்."

கவரிலிருந்து 800 ரூபாயை எண்ணி எடுத்து நோட்டுக்குள் வைத்து என்னிடம் நீட்டினார். "இது அவனுக்குள்ளது. அவன்ட்ட குடுத்திருங்க."

அந்தப் பையன் பாறசாலையில் ஓட்டல் வேலையில் இருந்தான். களியக்காவிளையில் அப்போது எல்லையைத் தாண்டப் பாஸ் கேட்டார்கள், பஸ் ஓடவில்லை. அந்த எட்டு நூறு ரூபாய் நோட்டுகளும் கணக்கு நோட்டுக்குள்ளேயே, 2011 நவம்பர் பக்கத்தில் இருந்தன. பஸ் விட்ட வாரம் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.