குடிக்கலாம் என்று சொன்ன பதில்

பித்தப்பைக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று கேட்ட ஓர் அம்மாவுக்கு, மருத்துவமனைச் செவிலியாக நான் சொன்ன பதில் சரியானதுதான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதே பதில் அவர் வழியாக இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் அந்த நம்பிக்கை சற்று ஆட்டம் காண்கிறது.

அவர் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருக்களில் விற்பவர். வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரிந்து, அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருந்தார். வலியோ காய்ச்சலோ இருந்ததில்லை. தொந்தரவு தராத கல்லுக்கு ஆபரேஷன் வேண்டாம், வலி வந்தால் உடனே வாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். இது தட்டிக்கழிக்கும் பேச்சு அல்ல. இத்தகைய கற்களோடு வாழும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் எந்தச் சிக்கலும் வருவதில்லை. வெளியே வந்தவர் சீட்டை என்னிடம் நீட்டி, “சிஸ்டர், ஆபரேஷன் வாணாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. வாழத்தண்டு சாறு குடிச்சிக்கினு வரட்டுமா?” என்று கேட்டார். “குடிக்கலாம்மா, கெடுதல் இல்ல. ஆனா அதுல கல் கரையாது. வலி வந்தா இங்கதான் வரணும்” என்றேன். வரிசை நீண்டிருந்தது, அடுத்தவரை அழைத்தேன்.

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்பட்டு வரும் வைத்தியம். சிறுநீரகத்தில் உள்ள சிறிய கல், நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரோடு வெளியேறக்கூடும். பித்தப்பையோ கல்லீரலுக்கு அடியில் இருக்கிறது. குடிக்கும் சாறு அதற்குள் போவதில்லை, அங்கிருக்கும் கல்லைச் சிறுநீர் அடித்துச் செல்லவும் வழியில்லை. பித்தநீர் குடலுக்குச் செல்லும் குழாயான பித்தநாளத்தின் வழியாகக் கல் நகர முற்பட்டால் அது நாளத்தை அடைத்துக்கொள்ளவும் கூடும். கரைப்பதற்கென்று உள்ள அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரையும் சிறிய கொழுப்புக் கற்களில்தான் பலன் தரும், அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு 2 ஆண்டுகள் வரையிலும்கூட, விடாமல் சாப்பிட்டால். கல் கரைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் மீண்டும் கல் உருவாகிறது. தென்னிந்தியாவில் நிறையக் காணப்படும், பித்தநீரின் நிறப்பொருளால் ஆன நிறமிக் கற்களை அந்த மாத்திரை கரைப்பதில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். இவற்றில் எதை அந்த ஒரு நிமிடத்தில் அவருக்குச் சொல்லியிருக்க முடியும் என்று நானே என்னிடம் வாதாடியிருக்கிறேன்.

சில மாதங்கள் கழித்து அவரே தம் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்குச் சாப்பிட்ட பிறகு வலது விலா எலும்பின் கீழ் வலி எடுத்து முதுகுக்கும் தோளுக்கும் பரவுவதும், சில மணி நேரத்தில் தணிவதுமாகப் பல வாரங்கள் போயிருந்தன. ஸ்கேனில் கல் என்று எழுதியிருந்ததால் இந்த அம்மா தம் வாழைத்தண்டுச் சாற்றை அவருக்கும் பரிந்துரைத்திருக்கிறார். பிறகு கண் மஞ்சளானபோது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்த பிறகே மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்த அம்மா எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: “இந்த சிஸ்டர்தான் சாறு குடிக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு இதுவரைக்கும் வலியே வரலியே.” அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, நன்றிதான் இருந்தது. அதுவே எனக்குப் பெரிய பாரமாயிற்று.

கல் பித்தநாளத்துக்குள் இறங்கி அடைத்திருந்தது. தேங்கிய பித்தநீரில் கிருமித்தொற்று சேர்ந்திருந்தது. எண்டோஸ்கோப் வழியாகக் கல்லை எடுத்து, காய்ச்சல் தணிந்த பின் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையும் அகற்றினார்கள். அந்தப் பெண் நலமாக வீடு திரும்பினார். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை.

கீழாநெல்லியை இகழ எனக்கு மனமில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்குடன் சேர்ந்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாகி நம்பிக்கை அளித்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கிருமியால் வரும் காமாலை பலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது, அந்தப் பெருமை மூலிகைக்குப் போய்விடுகிறது. அடைப்பால் வரும் காமாலை அப்படிக் காத்திருக்காது. இரண்டிலும் கண் மஞ்சளாகத்தான் தெரிகிறது. வீட்டில் இருப்பவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்?

குடிக்கவே கூடாது என்று அன்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் இடங்களில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்: வீட்டில் குடிப்பதை நோயாளிகள் எங்களிடம் மறைக்கிறார்கள், என்ன மருந்து என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். என்னிடம் ஒளிக்காமல் கேட்டதால்தான் அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணையும் தயங்காமல் இங்கேயே அழைத்து வந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் பதிலின் முதல் சொல் மட்டுமே அந்தத் தெருவுக்குப் போனது, கல் கரையாது என்பதும் வலி வந்தால் வர வேண்டும் என்பதும் வழியிலேயே நின்றுவிட்டன என்பதையும் மறுக்க முடியவில்லை. வலியே இல்லாத ஒருவர் சாறு குடித்துவிட்டு வலி வரவில்லை என்று சொன்னால், அதைக் கேட்கும் நோயாளிக்கு அதைவிட வலுவான சாட்சி வேறென்ன வேண்டும்?

இப்போதும் யாராவது கேட்டால் குடிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். வலி இல்லாத கல்லுக்கு மட்டும்தான் இந்தப் பதில், வலியோ காய்ச்சலோ மஞ்சளோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், வேறு யாருக்கும் இதைச் சொல்லாமல் அவர்களை இங்கே அனுப்புங்கள் என்று வரிசையை நிறுத்திவைத்தாவது சொல்லி முடிக்கிறேன். அண்மையில் ஒரு பெண் அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ எனக்கும் மஞ்சள் வந்துடுமா சிஸ்டர்? இப்பவே ஆபரேஷனுக்குப் பேரு எழுதிக்கோங்க” என்று அழத் தொடங்கிவிட்டார். அவரை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துப் போய், ஆபரேஷன் தேவையில்லை என்பதை முதலிலிருந்து சொல்ல வைக்க வேண்டியிருந்தது.