ஆத்தங்குடி வீட்டுப் பட்டாவும் ஒரு எம்.டெக். சீட்டும்

மே 19, திங்கள்

எம்.டெக். சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. ஆற்றல் பொறியியல், இரண்டு ஆண்டு, வெளியூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். கட்டணமும் விடுதியும் சேர்த்து 9 லட்சம். காலையில் காரைக்குடி சந்தையில் அம்மா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோனில் பார்த்தேன். அங்கேயே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் மெதுவாக, "பழைய கடன் இன்னும் கிடக்கே ஆத்தா" என்றார்.

கிடக்கிறதுதான். பி.இ. படிக்க வாங்கியதில் 2,35,000 பாக்கி. மாதம் 6,100 கட்டுகிறேன், இன்னும் நான்கு ஆண்டு கட்ட வேண்டும். சோலார் கம்பெனியில் என் சம்பளம் 19,000.

இந்தப் படிப்பு எதற்கு என்பதையும் எழுதி வைக்கிறேன். போன ஆண்டு கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குப் போனோம். நாங்கள் வைத்த பேட்டரி இரண்டே ஆண்டில் போய்விட்டது. வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பேனல் மாட்டத் தெரிந்த எனக்குப் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மே 22, வியாழன்

அரை நாள் லீவு போட்டு வங்கிக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகச் சொன்னார். ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் கேட்பதில்லை, அதைத் தாண்டினால் சொத்து காட்ட வேண்டும். வட்டி பத்தரை சதவீதம். படிக்கும் காலமும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

பி.இ. கடனில் தவணை கட்டாத அந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. இப்போதும் வரும் என்று நம்பிக்கொண்டுதான் போனேன். அது ஒருவருக்கு ஒரு முறைதானாம், இளநிலைக்கு வாங்கியவருக்கு முதுநிலைக்குக் கிடையாது. திரும்பும்போது பஸ்ஸில் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே 25, ஞாயிறு

அம்மா சமையல் வேலை பார்க்கும் வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். கணக்கு என்றால் இன்னும் கண் மின்னும். அம்மா சொல்லியிருக்கிறார் போல, என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பத்தரைன்னா மாசம் நூத்துக்கு எம்புட்டு?"

"எண்பத்தேழரைக் காசு ஆச்சி."

"ஒரு ரூபா வட்டிக்குக் கொஞ்சம் கம்மி. வட்டி பரவாயில்ல. வாங்குற அன்னைக்குள்ள தொகையைப் பாக்காத, கட்ட ஆரம்பிக்கிற அன்னைக்கு என்ன நிக்கும்னு பாரு."

ஆச்சி வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்திலேயே போட்டோம். ஆண்டுக்கு நாலரை லட்சமாக எடுத்தால், முதல் பாதிக்கு மூன்று ஆண்டு வட்டி, இரண்டாம் பாதிக்கு இரண்டு ஆண்டு வட்டி. மொத்தம் 2,36,250. கட்டத் தொடங்கும் நாளில் 11,36,250 நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 15,300. கடைசியில் கட்டி முடிப்பது 18 லட்சத்துக்கு மேல்.

பழைய தவணையையும் சேர்த்தால் மாதம் 21,400. இன்றைய சம்பளத்தை விட அதிகம். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

மே 29, வியாழன்

இதே போலக் கடன் வாங்கி எம்.டெக். முடித்த ஓர் அக்காவிடம் பேசினேன். கோயம்புத்தூரில் வேலை, சம்பளம் 26,000, தவணை 14,000. "படிச்சதுக்கு வருத்தமில்ல. அவசரமா வாங்குனதுக்குத்தான் வருத்தம். கேட் எழுதியிருந்தா எனக்கு உதவித்தொகையோட சீட் கிடைச்சிருக்கும்" என்றார்.

கேட் என்பது எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வு. அதில் தேறி அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 வீதம் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். 24 மாதத்துக்கு 2,97,600. இது எனக்கு முன்பே தெரியும். கல்லூரியில் கடைசி ஆண்டு ஒரு முறை எழுதித் தவறிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட தரை ஓடு, செய்யும் வேலையை எத்தனை முறை பார்த்தாலும் நின்றுவிடுவேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணத்தை ஊற்றி, அச்சைக் கை நடுங்காமல் தூக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் பூ கலைந்துவிடும். அதன் மேல் மணலும் சிமெண்டும். அப்புறம் தண்ணீரில் ஊற வேண்டும், வெயிலில் காய வேண்டும். அப்பாவுக்கு 56 வயது. மூன்று மாதமாக இடது கையை அடிக்கடி உதறிக்கொள்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்து வைத்தார். "வச்சுப் படி தாயி. நீ திருப்பிருவ." அம்மா தன் சங்கிலியைக் கழற்றப் போனார். ஏழரை லட்சத்துக்குள் வங்கியில் வாங்கி, மீதிக்கு நகையை வைக்கலாம் என்பது அவர் யோசனை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருவரும் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. அதனால்தான் தயங்க வேண்டியது நான்.

ஜூன் 5, வியாழன்

இன்று தவணை பிடித்தார்கள். பாக்கி 2,31,000-க்குச் சற்றுக் கீழே.

மாலையில் சிக்ரி வாசல் வழியாக நடந்தேன். மின்வேதியியலுக்கான மத்திய ஆய்வகம், 1953-ல் திறந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்தது. சின்ன வயதில் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் நான். நான் படிக்க ஆசைப்படும் பேட்டரி ஆராய்ச்சி இந்த மதிலுக்குள்ளேயே நடக்கிறது. இந்த ஆண்டே சேராவிட்டால் எல்லாம் போய்விடும் என்று ஏன் பயந்தேன்?

ஜூன் 9, திங்கள்

முன்பணம் கட்ட நாளை கடைசி நாள். சேரவில்லை என்று மெயில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு நெஞ்சு கனத்தது. இரண்டு மணி நேரம் யாரிடமும் பேசவில்லை.

பிப்ரவரியில் கேட் எழுதுகிறேன். எட்டு மாதம் இருக்கிறது. முதலாளியிடம் கேட்டுச் சனிக்கிழமை மதியங்களை வாங்கிவிட்டேன். இந்த மாதத்திலிருந்து பழைய கடனுக்கு 1,500 கூடுதலாகக் கட்டப் போகிறேன். நல்ல மதிப்பெண் வந்து அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் குறைந்தால் அப்போது கடன் கேட்பேன். அடமானம் இல்லாத அளவுக்குள் மட்டும்.

அப்பாவிடம் சொன்னேன். பட்டாவை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "ராத்திரி படிக்கிறதுக்கு அந்த அறையில வெளிச்சம் பத்துமா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறிப் பல்பைக் கழற்றிப் பார்த்தார்.