சூரியன் உச்சம் கொடுத்த நாட்களில் கொழும்பு

நேற்றுக் காலைதான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். கால் இரண்டும் இன்னும் கடுக்கிறது, பின்கழுத்து கறுத்துப் போய்விட்டது. ஆனால் அடுத்த சித்திரைக்கும் போவேன் என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கொழும்பில் மூன்று நாள் நடந்து திரியப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒருவரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. “இந்த வெக்கைக்குள்ள ஆடு மாடே நிழலை விட்டு அசையாது, நீ புத்தகமும் கையுமா எங்க போறாய்?” என்றார் அம்மா. வெக்கை உண்மைதான். வெப்பமானி 32 பாகை என்று காட்டினாலும் கடற்கரை ஊரின் ஈரக் காற்று அதை நாற்பதாக உணர வைக்கும். வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே சட்டை முதுகில் ஒட்டிவிடும். இருந்தாலும் நான் கொழும்பை ஆசை தீரப் பார்த்தது இந்த முறைதான்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் அதைத்தான் கேட்பீர்கள். பெரிய அடி பஸ்சில் விழுந்தது. 3000 ரூபாய் கொடுத்து இரவுச் சொகுசு பஸ் எடுத்தேன். வவுனியா தாண்டி அரை மணித்தியாலத்தில் ஏசி நின்றுபோனது. ஏசி பஸ் என்பதால் யன்னலைத் திறக்க வழியில்லை. முன் சீற்றில் ஒரு கைக்குழந்தை அழுதழுது களைத்தே தூங்கியது. தாய் விடிய விடியப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். நடத்துநரிடம் கேட்டால் “கொஞ்சம் பொறுங்கோ, வரும்” என்ற ஒரே பதில். புத்தளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது திரும்ப ஏற ஒருவருக்கும் மனமில்லை, வீதியோரம் காற்று வாங்கிக்கொண்டு நின்றோம். இது போதாதென்று, வெள்ளவத்தை வரை போகும் என்று ரிக்கற் தந்த பஸ் புறக்கோட்டையிலேயே எல்லாரையும் இறக்கிவிட்டது. காசில் ஒரு பங்கையாவது திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். நடத்துநர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது.

இறங்கிய இடத்திலேயே ஓட்டோக்காரர் ஒருவர் பையைப் பிடித்தார். வெள்ளவத்தைக்கு 2000 ரூபாய். கைபேசிச் செயலி 870 என்று காட்டியது. “அண்ணை, இது எப்படி நியாயம்?” என்றேன். “இந்த நேரம் பஸ் இல்ல தங்கச்சி” என்றார். அவருடைய முதுகுக்குப் பின்னால் பாணந்துறை போகிற 100 இலக்க பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. நூறு ரூபாய்க்குள் வெள்ளவத்தையில் இறங்கினேன், யன்னல் முழுக்கத் திறந்திருந்தது, காலி வீதி நெடுகக் கடற்காற்று. கொழும்புக்குப் புதிதாக வருகிறவர்கள் 100, 101 என்ற இரண்டு இலக்கங்களை மனதில் வைத்திருங்கள். புறக்கோட்டையிலிருந்து காலி வீதியில் எங்கே போவதென்றாலும் அவை போதும்.

வெள்ளவத்தையில் சித்தி வீடு இருப்பதால் தங்கும் செலவு இல்லை. அது பெரிய கொடுப்பினை. அந்த வீட்டில் கிடைத்த காலைச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் மேலே போக மாட்டேன். இரவெல்லாம் வெந்து போய் வந்த என்னைப் பார்த்ததும் சித்தி இடியப்பம் அவிக்கவில்லை. முதல்நாள் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்த சிவப்பரிசிச் சோற்றைப் பிழிந்தெடுத்து, மிஞ்சியிருந்த கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, தயிர், அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் சேர்த்து, தேசிக்காய் பிழிந்து, கையாலேயே குழைத்தார். பிறகு உருண்டை பிடித்து ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். விரலிடுக்கால் வழிகிற சாற்றை நக்கி நக்கிச் சாப்பிட்டேன். ஏழு உருண்டை. வெயில் காலத்துக்குப் பழஞ்சோற்றை மிஞ்சிய சாப்பாடு இல்லை. ஓட்டல்களில் ஆயிரக் கணக்கில் கொடுத்துக் குளிர்பானம் குடிப்பவர்கள் ஒருநாள் இதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். “கறுத்தக்கொழும்பான் கொண்டு வரேல்லையோ பிள்ளை?” என்று சித்தி கேட்டதுதான் ஒரே மனக்குறை. யாழ்ப்பாணத்து மாம்பழங்களில் முதலாவதான பழம் பெயரில் கொழும்பைச் சுமக்கிறது, அதைக் கொழும்புக்குக் கொண்டுபோக எனக்குக் காலம் வாய்க்கவில்லை. பழம் இன்னும் முற்றவில்லை.

அன்று ஒரு கடிதம் கொடுக்கிற அலுவல் பத்து மணிக்கே முடிந்தது. மிச்ச நேரம் தூக்கம்.

அடுத்த நாள் ஏப்ரல் 7. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 அளவில் தொடங்கிப் பத்து நாள் போல சூரியன் தெற்கிலிருந்து வடக்காக இலங்கைக்கு நேர் மேலே நகரும். பத்திரிகைகளில் நாள்தோறும் எந்தெந்த ஊருக்கு எத்தனை மணிக்குச் சூரியன் உச்சம் கொடுக்கும் என்று சின்னப் பெட்டிச் செய்தி வரும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தச் செய்தியில் ஆசை. கொழும்புக்கு 7ஆம் திகதி, நண்பகல் 12.12. அந்த நிமிடத்தில் வெளியில் நிற்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவில் இறங்கிவிட்டேன். இந்த வீதியில் நடப்பதென்றால் காலையில் நடக்க வேண்டும். கடல் மேற்கே இருப்பதால் விடிந்து எழுகிற சூரியனை வீதியோரத்து மாடிக் கட்டடங்கள் மறைத்துக்கொள்ளும். எட்டு மணி வரைக்கும் நிழலிலேயே நடக்கலாம். மாலையில் வெயில் நேரே முகத்தில் குத்தும். வீதிக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற்கள். கோட்டைக்குப் போகிற ரயில்கள் வாசலில் ஆட்கள் தொங்க, அலைச் சத்தத்தை ஒரு நிமிடம் விழுங்கிக்கொண்டு போகும். பம்பலப்பிட்டியில் ஒரு கல்லில் இருந்து பத்துப் பக்கம் வாசித்தேன். பிறகு கொள்ளுப்பிட்டி வரை நடந்து, ஒரு தம்பிலி குடித்துவிட்டு நகருக்குள் திரும்பினேன். தம்பிலி 150 ரூபாய். இளநீர்க்காரர் கேட்காமலேயே வழுக்கையைச் சீவித் தந்தார்.

தேசிய அருங்காட்சியகம் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் 1877இல் திறக்கப்பட்டது. அதற்குப் போகும் பக்கத்து வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர். அவர் கொழும்பில் பிறந்ததும் அதே 1877இல்தான். அந்த வீதியில் மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து, ஓவியர்கள் படங்களைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் பகல் பத்து மணிக்குக்கூட வியர்வை காய நடக்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது ஒரே ஒரு கல்லின் முன்னால். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து காலியில் நாட்டிய, 1409 என்று திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததாம். எழுத்து நன்றாகத் தேய்ந்திருக்கிறது. குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் படுகிற கோணம் பார்த்து ஒரு எழுத்தை, பிறகு இன்னொன்றை அடையாளம் கண்டேன். அறுநூறு வருடத்துக்கு முன் சீனத்திலிருந்து ஒருவன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த தமிழ்! உடம்பு சிலிர்த்தது. பாடசாலைப் பிள்ளைகள் இதைக் கடந்து ஓடிப்போகிறார்கள், ஒரு ஆசிரியராவது நிறுத்திக் காட்டினால் என்ன?

12 மணிக்கு விகாரமகாதேவி பூங்காவுக்கு வந்தேன். என் தண்ணீர்ப் போத்தலை ஒரு சீமெந்து இருக்கையில் நிமிர்த்தி வைத்தேன். அதன் நிழல் அடியோடு ஒட்டி ஒரு மெல்லிய பிறையாகக் கிடந்தது. பூங்காக் காவலாளி ஒருவர் சந்தேகத்தோடு வந்து “என்ன தேடுறீங்க?” என்றார். சொன்னேன். அவர் உடனே தன் கைத்தடியைத் தரையில் செங்குத்தாக ஊன்றிப் பிடித்தார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பிறை சுருங்கிச் சுருங்கி, 12.12க்குத் தடியைச் சுற்றி எந்தப் பக்கமும் நிழல் இல்லை. தரையில் வெறும் தடி, கண்கூசும் வெளிச்சம். எங்கள் இருவருடைய நிழலும் செருப்புக்கு அடியில் போய்விட்டிருந்தது. “இவ்வளவு வருசம் இங்க நிக்கிறேன், இதப் பார்க்கல்ல” என்றார் அவர். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் தடியை எடுக்காமல் நிழல் மற்றப் பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெயிலிலிருந்து பொது நூலகத்துக்குள் நுழைந்தது குளத்தில் இறங்கியது போல இருந்தது. 1925இலிருந்து இயங்குகிற நூலகம். மின்விசிறிச் சத்தம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், தமிழ் அடுக்கில் என்னைத் தவிர இரண்டு பேர். நான்கு மணி வரை எழும்பவில்லை. 1981இல் 97,000க்கு மேற்பட்ட நூல்களோடு எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, எந்த நூலகத்தில் இருந்தாலும் அடுக்கை ஒருமுறை தொட்டுவிட்டு வரத் தோன்றும். இங்கேயும் தொட்டுவிட்டுத்தான் வந்தேன்.

8ஆம் திகதி மருதானை. டி. ஆர். விஜயவர்தன மாவத்தையில் வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள். பெரும்பாலும் சிங்கள, ஆங்கிலப் புத்தகங்கள்தான், தமிழ் வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். மூன்றாவது கடையில் முழங்காலில் இருந்து தேடி, பாடப்புத்தகக் குவியலுக்கு அடியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்தேன். முதல் பக்கத்தில் நீல மையில் “பிறந்தநாள் பரிசு, 1979” என்று எழுதியிருந்தது. கொடுத்தவர் பெயரும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. 400 ரூபாய் சொன்னார், 250க்குத் தந்தார், பத்திரிகைத் தாளில் சுற்றியும் தந்தார். புதுப் புத்தகம் வேண்டுமென்றால் செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. உள்ளே போனால் என் கைக்காசு தாங்காது என்று அந்தப் பக்கம் திரும்பவில்லை. புறக்கோட்டைக்குள் அந்த நேரம் நடக்கவும் முடியாது, சனம் தள்ளிக்கொண்டு போகிற பக்கம் போகலாம், அவ்வளவுதான்.

காலி முகத்திடலுக்கு ஐந்தரைக்கு முன் போகாதீர்கள், ஒரு பொட்டு நிழல் இல்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி பின்னால் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் கல் ஒன்று அங்கே இருக்கிறது. தனியாக நடக்கிற பெண்ணாக அதை வாசித்தபோது அந்த இடம் எனக்கென்றே கட்டினது போல இருந்தது. சுற்றிலும் பட்டங்கள், சைக்கிள் பழகும் பிள்ளைகள், அலை மேலே தெறிக்கும்போதெல்லாம் கத்துகிற பெண்கள் கூட்டம். இறால் வடை வாங்கினேன், 150 ரூபாய். தட்டையான பருப்பு வடைமேல் முழு இறால்கள், அதன்மேல் அரிந்த வெங்காயமும் மிளகாய்ச் சாறும். இறால் ஓட்டோடு முறுகியிருந்தது. இரண்டாவதும் வாங்கினேன். அதற்குமேல் வாங்கினால் பஸ்சுக்குக் காசு தட்டுப்படும்.

வடையோடு புத்தகத்தைத் திறந்து மூன்றாம் கதையின் நடுவில் இருந்தபோது முதுகுப் பக்கம் குளிர்ந்தது. கடல்மேல் செம்மஞ்சள் வெளிச்சம், திரும்பிப் பார்த்தால் நகரத்துக்கு மேலே கரும் முகில். சித்திரை மாதத்து மழை பின்னேரங்களில் இப்படி நிலப்பக்கமிருந்துதான் இடியோடு வரும், எனக்கு அது தெரிந்திருந்தும் குடை இல்லை. பட்டக்காரர் நூலைச் சுற்றி முடிக்கும் முன் கொட்டத் தொடங்கிவிட்டது. புத்தகத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுற்றியிருந்த பத்திரிகை மை பின்னட்டையில் தலைகீழாக ஒட்டியிருக்கிறது, தாள்கள் ஊறி உப்பிப் போயிருக்கின்றன. சித்தி ஒன்றும் சொல்லாமல் துணிக் கிளிப்புகளை எடுத்து, பத்துப் பக்கத்துக்கு ஒன்றாகக் குத்தி, விசிறிக்குக் கீழே விரித்து வைத்தார்.

கடைசி நாள் காலையில் 57ஆம் ஒழுங்கையில் இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போய், 1942இலிருந்து நடக்கும் அந்தச் சங்கத்தின் நூலகத்தில் பத்திரிகை வாசித்தேன். அன்றைய உச்சப் பெட்டியில் சூரியன் வடக்கே நகர்ந்துவிட்டது. இரவு சாதாரண பஸ்சில் பாதிக் காசுக்குத் திரும்பினேன், யன்னல் ஓரம், நல்ல காற்று.

புத்தகம் காய்ந்துவிட்டது, ஆனால் மூட மறுக்கிறது. இதை எழுதுகிற மேசையில் விசிறி போல விரிந்து கிடக்கிறது. இன்னும் இரண்டு கதை மிச்சம், இன்றிரவு முற்றத்து வேப்பமரத்தடியில் கதிரை போட்டு வாசிக்கப் போகிறேன்.